சோனாகாச்சிப் பெண்கள் சொல்லித்தரும் பாடம்



"எயிட்ஸா? அது கெட்ட பொம்பளைங்களுக்கு வர்ற சீக்கு, நமக்கென்ன?" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். எச்.ஐ.வி. கிருமி ஆளின் தொழிலைப் பார்ப்பதில்லை. கிருமி உள்ளவருடன் ஆணுறை இல்லாமல் உடலுறவு கொண்டால் தொற்றலாம். பாலியல் தொழில் செய்யும் பெண்ணிடம் போகிற ஆண், அவளுக்குக் கிருமியைக் கொடுக்கவும் கூடும். அங்கிருந்து தன் மனைவிக்குக் கொண்டுவரவும் கூடும்.

இதைத் தடுப்பது எப்படி? இந்தியாவில் கல்கத்தா நகரத்துச் சோனாகாச்சியில் பாலியல் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே ஒரு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார். அந்தப் பெண்களில் சிலருக்கே பயிற்சி கொடுத்து, மற்றப் பெண்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேச வைத்தார்கள்.

ஆனால் விஷயம் தெரிந்தால் மட்டும் போதவில்லை. ஒருத்தி "ஆணுறை இல்லாட்டி முடியாது" என்றால், வந்தவன் பக்கத்து அறைக்குப் போய்விடுவான். அன்றைக்கு அவள் வீட்டு அடுப்பு எரியாது. வட்டிக்காரனும் வாசலில் நிற்பான். எல்லோரும் ஒரே பேச்சாகச் சொன்னால் அவன் எங்கே போவான்? 1995இல் அவர்கள் 'துர்பார்' என்ற சொந்தச் சங்கத்தை அமைத்தார்கள். 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கமும் தொடங்கி, சேமிக்கவும் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கவும் வழி செய்தார்கள். ஆணுறைப் பாவனை வெகுவாகக் கூடியது. சங்கத்தின் பலத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே!

நாம் மனதில் வைக்க வேண்டியவை:

1. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால், ஒரே பீலியில் குளிப்பதால், நுளம்பு கடிப்பதால் எச்.ஐ.வி. வராது.

2. அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரகசியம் காப்பார்கள். கிருமி தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது. மறுபடி வரச் சொன்னால் கட்டாயம் போங்கள்.

3. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் தொற்றாது.

4. கர்ப்பிணித் தாய்மாரே, கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது.

ஒரு பெண்ணை ஏசி ஒதுக்கினால் அவள் கிளினிக் பக்கமே போகமாட்டாள். நோய் மறைவில் பரவும். ஆகவே ஏச்சை விடுவோம். சந்தேகம் உள்ளவரை, ஆணோ பெண்ணோ, கிளினிக்குக்குத் துணையாகக் கூட்டிப் போவோம்.