இன்னொரு வருசம் போடலாமா?

நீட் முடிவு வெளியாகும் வாரத்தில் பனமலையிலிருந்தும், அன்னியூர், கஞ்சனூர்ப் பக்கமிருந்தும் எனக்குப் போன் வரும். பிள்ளைகள் "அக்கா" என்பார்கள், பெற்றவர்கள் "பாப்பா" என்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "இன்னொரு வருசம் போடலாமா?" அரசுப் பள்ளியில் படித்து, மறுபடி நீட் எழுதி மருத்துவம் சேர்ந்தவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். போடலாமா கூடாதா என்பதை மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அந்த முடிவை எப்போது எடுக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கான எம்கேட் தேர்வு ஜனவரி முதல் செப்டம்பர் வரை பல நாட்களில் நடக்கிறது. தயாராகிவிட்டோம் என்று தோன்றும் மாதத்தை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். நமக்கு வருடத்துக்கு ஒரே நாள். அதை நாம் முன்னே பின்னே நகர்த்த முடியாது. நம் கையில் இருப்பது திரும்பப் புத்தகத்தை எடுக்கும் நாள் மட்டுமே.

அந்த நாள் எவ்வளவு முக்கியம் என்பதை என் வயதுப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்தோம். நாங்கள் பிளஸ் டூ முடித்த 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. நீட் செப்டம்பர் 12-இல் நடந்து, நவம்பர் 1-இல் முடிவு வந்தது. இடஒதுக்கீட்டு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. சுற்றுகள் ஏப்ரல் வரை இழுத்தன. அடுத்த நீட்டோ ஜூலை 17-இல் வந்து நின்றது. கடைசிச் சுற்றில் எப்படியும் கிடைத்துவிடும் என்று புத்தகத்தை மூடி வைத்திருந்தவர்களுக்கு மூன்று மாதம் மிஞ்சியது. நவம்பரிலேயே தொடங்கியவர்களுக்கு எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது. நான் நவம்பரில் தொடங்கினேன். எங்கள் வேதியியல் ஐயா, முந்தைய ஆண்டு அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் கிடைத்தவரின் தரவரிசை எண்ணைத் தேடி எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு காத்திருக்க ஒன்றுமில்லை. "பட்டம் தப்பினா மல்லாட்டை காய் புடிக்காது, ஆரம்பிச்சிடு" என்றார் அப்பா.

2023 முதல் தேர்வு மறுபடி மே முதல் ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ஜூனில் முடிவு, பிறகு மாநிலத் தரவரிசைப் பட்டியல், அதன்பின் சுற்றுச் சுற்றாகக் கலந்தாய்வு. இது மழைக்காலம் வரைகூட நீளும். நான் சொல்லும் கணக்கு இதுதான். முடிவு வந்த வாரமே படிப்பைத் தொடங்கிவிடுங்கள். தரவரிசைப் பட்டியல் வந்ததும் மறுபடி எழுதுவதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். முதல் சுற்று முடிந்தபின் உங்கள் பிரிவில் எந்த இடம் வரை போயிருக்கிறது என்று பார்த்தால் மிச்சம் இருக்கும் சந்தேகமும் போய்விடும். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் கலந்தாய்வை விட வேண்டாம். விருப்பப் பட்டியலைப் பதிந்து பூட்ட ஒரு பொழுது போதும், மற்ற நாளெல்லாம் படிக்கலாம். இடம் கிடைத்துவிட்டால் படித்தது வீணாகாது. முதலாம் ஆண்டு உடலியங்கியலுக்கு அது உதவும்.

மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். "போன வருசம் இந்த மார்க்குக்கு விழுப்புரத்திலயே கிடைச்சுதாமே" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். 2024-இல் முழு மதிப்பெண்ணான 720-ஐ 67 பேர் எடுத்ததாக முதலில் அறிவித்தார்கள். 2025-இல் இயற்பியல் கடுமையாக வந்தது, நாட்டில் முதலிடம் பிடித்தவரே 686. பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 2023-இல் 137, 2024-இல் 162, 2025-இல் 144. ஒரு வருட மதிப்பெண்ணை இன்னொரு வருடத்தின்மேல் வைத்துப் பார்த்து முடிவெடுத்தால் தகுதியுள்ள பிள்ளை பயந்து ஒதுங்கும், வாய்ப்பில்லாத பிள்ளை நம்பி உட்காரும். பார்க்க வேண்டியது தரவரிசையை. அதிலும் மாநிலப் பட்டியலில் உங்கள் வகுப்புப் பிரிவுக்குள் எத்தனையாவது ஆள் என்பதை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் வந்த சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பட்டியல் தனி, அதன் கடைசி இடமும் தனி. மறுபடி எழுதினாலும் இந்த உரிமை போகாது. பலர் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, விடைத்தாள். தேசியத் தேர்வு முகமை உங்கள் ஓ.எம்.ஆர் தாளின் படத்தையும் விடைக்குறிப்பையும் தன் தளத்தில் சில நாட்கள்தான் வைத்திருக்கும். வெளியான அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மனசு கேட்காவிட்டாலும். பிறகு ஒரு நோட்டில், தவறிய ஒவ்வொரு கேள்வியையும் ஏன் தவறியது என்று பிரித்து எழுதுங்கள். பாடமே தெரியாமல் விட்டது, பாடம் தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, நேரம் போதாமல் தொடாதது, குருட்டாம்போக்கில் வட்டமிட்டுப் போனது. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும் என்பதால் கடைசி வகை தனியாகத் தெரிய வேண்டும்.

இந்த நோட்டுதான் இன்னொரு வருடம் போடலாமா என்பதற்குப் பதில் சொல்லும். தவறியவற்றில் பெரும்பகுதி "படிக்கவே இல்லை" என்றால் ஒரு வருடம் அதைச் சரிசெய்யும். எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் இந்த வகைதான். பிளஸ் ஒன் இயற்பியலை ஒழுங்காக நடத்தி முடிக்காமல் பிளஸ் டூவுக்கு ஏறியவர்கள், வெப்ப இயக்கவியலும் சுழற்சி இயக்கமும் அரைகுறையாக நின்றுபோனவர்கள். அவர்களுக்கு நான் தயங்காமல் "போடு" என்பேன். பாடம் முழுக்க முடித்து, ஏராளமான மாதிரித் தேர்வுகளும் எழுதி, அப்படியும் தரவரிசை தொலைவில் நிற்கிறது என்றால் அதே முறையில் அதே புத்தகத்தை இன்னொரு வருடம் புரட்டுவது போதாது. வேறு என்ன மாறப்போகிறது என்று கேட்பேன். சொல்லும்படி ஒன்று இருந்தால் போடலாம்.

உயிரியல் 90 கேள்வி, 360 மதிப்பெண். அதை மனப்பாடத்தில் காப்பாற்றிவிடலாம் என்று நம்பி இயற்பியலைத் தள்ளுவது நம் பக்கத்தில் வழக்கம். தரவரிசையில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்ட வைப்பது அந்த 45 இயற்பியல் கேள்விகள்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் இயற்பியலுக்கே முதல் உரிமை கொடுங்கள். டிசம்பருக்குள் எல்லாப் பாடமும் ஒரு சுற்று முடிய வேண்டும். தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கு வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கே நடந்தது. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருங்கள்.

தேர்வு மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. நம் ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை எழுந்து நன்றாகப் படிப்பார்கள், மதியம் சோறு உண்டால் கண் சொக்கும். பிப்ரவரியிலிருந்து மாதிரித் தேர்வை அதே 2 மணிக்கு எழுதுங்கள், மின்விசிறி ஓடாத அறையிலும் எழுதிப் பழகுங்கள். 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம், விருப்பக் கேள்வி கிடையாது. பாடத்திட்டத்திலும் 2024 தேர்வுக்குச் சில பகுதிகளை நீக்கியிருக்கிறார்கள். அண்ணன் அக்காவிடமிருந்து பழைய புத்தகம் வாங்குபவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே உட்கார்ந்து படிப்பது? விடுதியோடு சேர்ந்த பயிற்சி மையங்கள் லட்சத்தில் கேட்கின்றன. அதற்காக நிலத்தையோ நகையையோ வைக்காதீர்கள். கடனோடு உட்கார்ந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தவறான விடையும் வட்டியாகத் தெரியும். வீட்டிலேயே படிக்கலாம், ஆனால் பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் நேரம் கிடைக்காது. "சும்மாதானே இருக்கா" என்று தண்ணீர் எடுக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் கூப்பிடுவார்கள். பெற்றவர்களிடம் நான் கண்டிப்பாகக் கேட்பது இது ஒன்றுதான்: காலை 9 முதல் மாலை 5 வரை அவள் பள்ளிக்கூடம் போயிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்புங்கள். எனக்கு மாலை வேளையில் பனமலை தாளகிரீசுவரர் கோயில் குன்று உதவியது. ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்தக் கோயிலுக்கு ஓவியம் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். பெரும்பாலான நாட்களில் ஏரிக் காற்று மட்டும்தான் இருக்கும்.

நீட் ரத்தாகிவிடும் என்று காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுபடி எழுதியவர்கள் 2016-17-இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர், 2020-21-இல் சுமார் 71 பேர். வருடத்தைப் போட வசதி உள்ளவருக்கே இடம் என்று ஆகிவிட்ட அந்தக் கணக்கு எனக்கு வலிக்கிறது. நான் தேர்வு எழுதிய மறுநாள், 2021 செப்டம்பர் 13 அன்று, சட்டமன்றம் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. அது ஆளுநரிடம் போய்த் திரும்பி, மறுபடி நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் அறிவித்தார். விலக்கு வர வேண்டும் என்று விரும்புங்கள், குரல் கொடுங்கள். வரும் மே மாதத்துக்குப் படிப்பதை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

மறுபடி எழுதுவது என்று முடிவானாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கிடைக்கும் இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள். கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் இவற்றின் மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம். சித்த மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண் வேண்டும், ஆனால் அந்தக் கலந்தாய்வு பிந்தித்தான் நடக்கும். முதல் மறுமுயற்சிக்கு வருடத்தை முழுதாக ஒதுக்கலாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் என்றால் ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதட்டும். இலங்கையில் உயர்தரத் தேர்வெழுதிப் பல்கலைக்கழகம் போக மூன்று முறைதான் என்று வரம்பு உண்டு. இங்கே முயற்சிக்கும் வரம்பில்லை, உச்ச வயது வரம்பும் 2022-இல் நீங்கிவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நிறுத்தும் இடத்தை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அந்த வருடத்தில் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாலோ, யாரோடும் பேசாமல் ஒடுங்கினாலோ தேர்வைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். 104-க்கோ 14416-க்கோ எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

கலந்தாய்வின் கடைசி இடம்நிரப்பும் சுற்றில் கவனம் வேண்டும். மத்தியக் கலந்தாய்வில் அந்தச் சுற்றில் ஒதுக்கிய இடத்தில் சேராவிட்டால் கட்டிய வைப்புத்தொகை போகும், அடுத்த நீட் எழுதவும் தடை வரும். மறுபடி எழுதப்போகும் பிள்ளை, சேர மனமில்லாத கல்லூரியை அந்தச் சுற்றில் விருப்பமாகக் கொடுக்கவே கூடாது. ஒரு படிப்பில் சேர்ந்துவிட்டு விலகுவதற்கும் அபராத விதிகள் உண்டு, அந்தந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை வரிவரியாகப் படியுங்கள்.

சான்றிதழ்களைத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்ததற்கான சான்றை ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமும் வாங்க வேண்டும், கோடை விடுமுறையில் அவர்களைப் பிடிப்பது கஷ்டம். மத்திய ஒதுக்கீட்டுக்கான ஓபிசி சான்றிதழ் நம் மாநிலச் சாதிச் சான்றிதழிலிருந்து வேறானது, நிதியாண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். போன வருடத்தது செல்லாது. ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு வந்து படிக்க உட்காருங்கள்.