கணினிக்குள் ஒரு துபாஷி

எகிப்து தேசத்திலே 1799ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட உரோசெத்தாக் கல்லிலே ஒரே ஆணை மூன்று எழுத்துவடிவங்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டிலே காலியில் 1911இற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டோ வேறு வகையினது. அது சீனத்திலே புத்தபிரானையும், தமிழிலே தேனவரை நாயனாரையும், பாரசீகத்திலே அல்லாஹ்வையும் போற்றுகின்றது. கணினிக்குள் நிகழும் மொழிபெயர்ப்பு முன்னைய கல்லைப் போன்றே இருத்தல் வேண்டும். ஒரு சொற் பிறழினும் கணக்குப் பிழைக்கும். ஆப்பிள் கம்பனியார் தம் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு உரோசெத்தா எனப் பெயரிட்டமை பொருத்தமே.

கணினியின் மூளையாகிய புரொசெசருக்கும் ஒரு தாய்மொழி உண்டு. இன்ரெல், ஏ.எம்.டி. கம்பனியாரின் மூளைகள் எக்ஸ்86 என்னும் மொழியை அறியும். கைத்தொலைபேசிகளிலும் புதிய மடிக்கணினிகள் சிலவற்றிலும் உள்ளவை ஏ.ஆர்.எம். மொழியை அறியும். முன்னையதில் ஓர் அறிவுறுத்தல் 1 பைற்று முதல் 15 பைற்று வரை நீளும். பின்னையதின் 64 பிட் வடிவிலே ஒவ்வொன்றும் 4 பைற்றே. தமிழ் மாணவர்க்குக் கூறுவதாயின், குறளடியும் நெடிலடியும் விரவி வருவது ஒன்று. அளவடி பிறழாது நடப்பது மற்றொன்று.

மலையகத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. சீமையிலிருந்து புதிதாய் வந்த, தமிழறியாத சின்னத்துரை ஒருவர் கொட்டகலைத் தோட்டமொன்றின் பிரட்டுக்களத்திலே நிற்பதாகக் கொள்வோம். அவர் ஒவ்வொரு கட்டளையாகக் கூற, கணக்கப்பிள்ளை அவ்வப்போதே தமிழிற் சொல்கின்றார். வேலை நடக்கும்; ஆனால் வெயிலேறிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்த்துச் செல்லும் போலச்செய்தல் முறை இத்தகையது. கூர்மதியுடைய கணக்கப்பிள்ளையோ, நாள்தோறும் வரும் கட்டளைகளை ஒருமுறை பெயர்த்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். மறுநாள் துரை வாய்திறந்ததும் புத்தகத்தைப் பார்த்தே ஆட்களை மலைக்கு அனுப்பிவிடுவார். இக்கால மென்பொருள்களும் பெயர்த்தவற்றைச் சேமித்து வைத்தே விரைவு பெறுகின்றன. 2020இல் வந்த இரண்டாம் உரோசெத்தா, செய்நிரலை நிறுவும்போதோ முதன்முறை திறக்கும்போதோ பெரும்பகுதியைப் பெயர்த்து முடித்துவிடுகின்றது.

ஆப்பிள் கம்பனியார் 1994, 2006, 2020 ஆகிய ஆண்டுகளில் மும்முறை மூளையை மாற்றினர். மும்முறையும் துபாஷி ஒருவரை உடன் அனுப்பினர். மைக்ரோசொவ்ற் கம்பனியாரோ 2012இல் வெளியிட்ட விண்டோஸ் ஆர்.டி.யிலே பழைய செய்நிரல்களுக்கு இடமளித்திலர், அது நிலைக்கவுமில்லை. பின்னர் 2017இல் 32 பிட் செய்நிரல்களையும், 2021இல் 64 பிட் செய்நிரல்களையும் ஏ.ஆர்.எம். கணினிகளில் இயக்க வழிசெய்தனர்.

இவையெல்லாம் கல்லூரி மலருக்கு எதற்கு என வினவலாம். 1990களிலும் அதன் பின்னரும் பல கல்லூரி மலர்கள் பேஜ்மேக்கர் செய்நிரலிலே பாமினி எழுத்துருக் கொண்டு கோக்கப்பட்டன. பாமினியிலே ஆங்கில 'ஜே'யின் இடத்தில் தகரமும், 'கே'யின் இடத்தில் மகரமும் அமர்ந்துள்ளன. எழுத்துருவின்றித் திறப்பின் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும்பதிப்பாகிய 7, 2001இல் வெளிவந்தது. அதன் விண்டோஸ் வடிவம் எக்ஸ்86 மொழியினது. ஆகவே, புதிய ஏ.ஆர்.எம். மடிக்கணினி வாங்கிய பழைய மாணவர் தாம் அன்று தொகுத்த மலரைத் திறக்க முயலின், துபாஷியின் தயவின்றி இயலாது.

அத்தயவுக்கும் எல்லையுண்டு. அச்சுப்பொறி முதலிய கருவிகளை இயக்கும் இயக்கிகளைத் துபாஷி பெயர்க்கமாட்டார். அவை புதிய மொழியிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பழைய எழுத்தூட்டு மென்பொருள்கள் சிலவும் இடர்ப்படலாம். மேலும், துபாஷி நிரந்தர உத்தியோகத்தர் அல்லர். 2006இன் உரோசெத்தா 2011இல் நீக்கப்பட்டது. இரண்டாவதும் மாக் ஓ.எஸ். 27 வரையே முழுமையாக இருக்கும் என 2025இல் அறிவிக்கப்பட்டது.

பழைய கோப்புகளை வைத்திருப்போர், திறக்க இயலும் இக்காலத்திலேயே பக்கங்களைப் பி.டி.எவ். ஆகச் சேமித்து, எழுத்தை யூனிகோட்டுக்கு மாற்றுவாராக. மாற்றியபின் அச்சுப்பிரதியோடு வரிவரியாக ஒப்புநோக்கல் வேண்டும். பாமினியிலே கொம்பு, கண்ணுக்குத் தோன்றுமாறே எழுத்துக்கு முன்னே நிற்கும். யூனிகோட்டிலோ பின்னே சேமிக்கப்படும். பிழைகளுட் பல அவ்விடத்தேதான் ஒளிந்திருக்கும்.