பேரேட்டில் ஏறாத மூட்டை

அன்புள்ள மாப்ளே,

நீ எழுதியதைப் படித்தேன். பைத்தான் லைப்ரரி போட பிப் இன்ஸ்டால் அடித்தால் டெபியன் மறுக்கிறது, ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ ஆப்ஷனையும் சூடோவையும் சேர்த்ததும் வழிக்கு வந்துவிட்டது என்று பெருமை வேறு. அந்த ஆப்ஷனின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாதா? ‘உடைத்துக்கொள்’ என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது ஏன் உடைந்தது என்று என்னைக் கேட்கிறாய்.

உன் தாத்தா மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கிட்டங்கிக் கணக்கு எழுதியவர். மிளகு மூட்டை யாருடையது, என்றைக்கு வந்தது என்று பேரேட்டில் ஏறாமல் உள்ளே போகாது. உன் கணினியில் அந்தக் கணக்குப்பிள்ளை ஆப்ட். எந்தப் பேக்கேஜுக்கு எது வேண்டும், எதை எடுத்தால் எது விழும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். சூடோ பிப் பின்கதவு வழியாக மூட்டை இறக்குகிறது. நீ போட்ட புது லைப்ரரி யூஎஸ்ஆர் லோக்கலில் போய் உட்காரும். ஆப்ட் போட்டதைத் தேடுவதற்கு முன்பே பைத்தான் அங்கே தேடிவிடும். பழையதை நம்பி எழுதிய சிஸ்டம் கருவி புதியதைப் பிடித்து இழுத்துத் தடுமாறும். ஆப்டிடம் கேட்டால் எல்லாம் சரி என்றே சொல்லும். அதன் பேரேட்டில் அந்த மூட்டையே இல்லையே!

2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் பிப்புக்கு இந்தத் தடை. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியன்காரர்களின் உலக மாநாடு நம் கொச்சியிலேயே நடந்தது. நீ போயிருக்கலாம்.

“ஆப்டில் இருப்பது பழைய பதிப்பு மாமா” என்பாய். பதிப்பு எண்தான் பழசு. பாதுகாப்புத் திருத்தங்களை அதே பதிப்பில் ஒட்டித் தருகிறார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு அது வந்துவிட்டது, ஸ்டேபிளுக்கு வரவில்லை. புதுசு புதுசு என்று பறக்கிறாயே, அதனால் சொல்கிறேன்.

புதியது வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி அறை கட்டு. முதலில் ஆப்டில் பைத்தான்3-வென்வ் போடு. டெபியனில் அது தனிப் பேக்கேஜ், மறந்துவிடுவாய். பிறகு புராஜெக்ட் ஃபோல்டரிலேயே வென்வ் உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, பிப்பை அதற்குள் ஓட்டு. சூடோ தேவையில்லை. கெட்டுப்போனால் அந்த வென்வ் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். அதற்காகத்தான் பதிப்பு எண்களோடு ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைல் எழுதி வைக்கச் சொல்வது. இடம் வீணாகுமே என்று இழுக்காதே. உன் போனில் கிடக்கும் வீடியோக்களைவிட அது குறைவுதான்.

ஓஎஸ்ஸையே திரும்பப் போடுகிறேன் என்று கிளம்பாதே. சூடோ பிப்பில் என்னென்ன போட்டாய் என்று டெர்மினல் ஹிஸ்டரியில் தேடிக் காகிதத்தில் எழுதி வை. ஞாயிறு காலை வருகிறேன், ஒவ்வொன்றாகக் கழற்றுவோம்.

அன்புடன்,
மாமா