பிட்சாவுக்காக மட்டும் கட்டாதீர்கள்

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பாயான் பாருவில் மூலை வீடு. பக்கவாட்டில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. விறகு எரித்துப் பிட்சா சுடும் அடுப்பு ஒன்றை அங்கே நானே கட்ட ஆசை. காணொளிகளைப் பார்த்தால் குழப்பம்தான் மிச்சம். ஒருவர் களிமண் போதும் என்கிறார். இன்னொருவர் பத்தா அப்பி, அதாவது தீச்செங்கல், இல்லாமல் கையே வைக்காதே என்கிறார். அவர்கள் ஊரில் நம் ஊர் மழையும் இல்லை. நமக்கு எது ஒத்துவரும்? எந்த விறகு எரிக்கலாம்? அம்மா வேறு, “பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் புகை நாறும், வேண்டாம்டா” என்கிறார்.
– வாசகர், பாயான் பாரு

பதில்: தம்பி, முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. மூட்டிய முதல் இருபது நிமிடம் புகை வரத்தான் செய்யும். அடுப்பு சூடேறி, விறகும் நன்றாகக் காய்ந்திருந்தால் பிறகு அவ்வளவாகத் தெரியாது. ஈர விறகு போட்டால் கடைசிவரை புகைந்துகொண்டே இருக்கும். அதனால் துணி எடுத்த பிறகு, மாலையில் மூட்டுங்கள். முதல் பிட்சாவை மதில் தாண்டிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் மலாய்க்காரர் குடும்பம் இருந்தால் மேலே போடும் இறைச்சியை யோசித்துப் போடுங்கள். ஊர் புகைமூட்டத்தில் இருக்கும் நாட்களில் மட்டும் அடுப்பைத் தொடாதீர்கள்.

இனி அடுப்புக்கு வருவோம். பிட்சாவைச் சுடுவது நேரடியாக நெருப்பு இல்லை; நெருப்பிடம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்ட கல்தான். தளம் அடியிலிருந்து சுடுகிறது, குவிமாடம் மேலிருந்து அனல் வீசுகிறது. நேப்பிள்ஸ்காரர்கள் தளத்தை 430 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, ஒரு பிட்சாவை 60 முதல் 90 விநாடிக்குள் எடுத்துவிடுகிறார்கள். வீட்டு மின் அடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் எட்டுப் பத்து நிமிடம் கிடக்கும் மாவு வறண்டு வறட்டியாகிறது. ஆகவே நீங்கள் கட்டப்போவது சூட்டைச் சேர்த்துவைக்கும் பெட்டி. பெட்டிக்கு ஓட்டை இருக்கக் கூடாது.

புதிதாகக் கட்டுபவர்கள் கோட்டைவிடும் இடம் அடிப்பாகம். குவிமாடத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள், தளத்தைக் கொண்டுபோய் நேராகக் கான்கிரீட்டின்மேல் பதிப்பார்கள். சூடு முழுவதும் கீழே இறங்கிவிடும். மேலே பாலாடைக்கட்டி கருகும், அடியில் மாவு வெள்ளையாக இருக்கும். மேடைக்கும் தளத்துக்கும் நடுவே நான்கு அங்குலத்துக்கு வெப்பம் கடத்தாத படுகை ஒன்று வேண்டும். வெர்மிகுலைட் ஐந்து பங்கு, சிமெண்டு ஒரு பங்கு கலந்து ஊற்றலாம். கிடைக்காவிட்டால் காலிக் கண்ணாடிப் பாட்டில்களைப் படுக்கவைத்து, இடைவெளியை மரத்தூள் கலந்த களிமண்ணால் நிரப்பலாம். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றே தடுப்பு.

உங்கள் கேள்விக்கு என் தீர்ப்பு: தளத்துக்குப் பத்தா அப்பி, குவிமாடத்துக்குக் களிமண். தளத்தில்தான் கரண்டி உரசும், விறகு விழும், சூடு குத்தும். அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். குவிமாடமோ முதல் தடவை கட்டுகிறவர் கையில் எப்படியும் கோணும். களிமண் என்றால் உடைத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து மறுபடி கட்டலாம். நம் பாட்டிமார் புற்றுமண் எடுத்து அடுப்புப் போட்டதும் இதே கணக்குதான்.

அளவு சொல்கிறேன். உள்விட்டம் 32 அங்குலம், உள்ளுயரம் 16 அங்குலம். வாயின் உயரம் உள்ளுயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு, அதாவது 10 அங்குலம். இந்த விகிதத்தை மட்டும் மாற்றாதீர்கள். வாய் உயர்ந்தால் சூடு வழிந்தோடும், தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும். புகைக்குழாய் வாய்க்கு மேலே, முன்பக்கம் வர வேண்டும். என் முதல் அடுப்பில் நான் அதைக் குவிமாடத்தின் உச்சியில் வைத்தேன். மூன்று மணி நேரம் எரித்தும் சூடு நிற்கவில்லை. பினாங்கு வானத்துக்குக் குளிர்காய நெருப்புப் போட்டதுதான் மிச்சம்.

ஈர மணலைக் குவித்து அரைப்பந்தாக்கி, அதன்மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டுங்கள். களிமண் ஒரு பங்குக்கு மணல் இரண்டு முதல் மூன்று பங்கு சேர்த்துக் காலால் மிதியுங்கள். உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போட்டால் அது சிதறவும் கூடாது, சாணிபோல் அப்பிக்கொள்ளவும் கூடாது. அந்தப் பதத்தில் நான்கு அங்குலக் கனத்துக்குச் சுற்றிலும் அப்புங்கள். மண் இறுகியதும் வாயை வெட்டி மணலைத் தோண்டி எடுத்துவிடலாம். அதற்குமேல் கரைத்த களிமண்ணில் உமியோ மரத்தூளோ நிறையக் கலந்து இன்னொரு நான்கு அங்குலப் போர்வை. உமிக்குச் செபராங் பிறை அரிசி ஆலைகள் இருக்கின்றன. கடைசியில் சுண்ணாம்புப் பூச்சு.

எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். கார் நிறுத்தும் இடத்து ஓடு தாங்காது, தனி அஸ்திவாரம் போடுங்கள். அடியில் கழிவுநீர்க் குழாய் போகிறதா என்று பாருங்கள். பின் சந்துப் பக்கம் ஓர் அங்குலம்கூட நீட்டாதீர்கள். மழைக்குக் கூரையும் போடப்போவதால் மாநகர் மன்றத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இனிப் பொறுமை. மண்ணுக்குள் ஈரம் இருக்கும்போது பெரு நெருப்புப் போட்டால் நீர் ஆவியாகிக் குவிமாடத்தைப் பிளக்கும். நம் ஊர்க் காற்றில் மண் காய மூன்று நான்கு வாரம் ஆகும். பிறகு ஒரு வாரம் தினமும் சிறு நெருப்பு. முதல் நாள் 150 டிகிரியைத் தாண்ட வேண்டாம், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். மயிரிழை விரிசல் வரும், கவலை வேண்டாம். விரல் நுழைந்தால் மட்டும் பூசுங்கள்.

விறகுக்கு ரப்பர் மரமும் ரம்புத்தானும் நன்று. ஆனால் தளவாடத் தொழிற்சாலை கழித்துப்போடும் ரப்பர் மரத் துண்டு வேண்டாம். பூச்சி அரிக்காதிருக்க அதில் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள். சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, ‘எம்பி’ முத்திரை குத்திய சரக்குத் தட்டு எதுவும் கூடாது. அந்த முத்திரை மெத்தில் புரோமைடு வாயு காட்டியதற்கு அடையாளம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் இந்தத் தட்டுகள் மலைபோல் கிடக்கும், இலவசம் என்று அள்ளிவராதீர்கள்.

ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எரியுங்கள். குவிமாடத்தின் உட்புறம் முதலில் கரியாகி, பிறகு கரி எரிந்து வெளுக்கும். வெளுத்தால் தயார். நெருப்பை ஓரம் ஒதுக்கி, பிழிந்த துணியால் தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். போட்டவுடன் கருகினால் சற்றுப் பொறுங்கள், சில விநாடியில் பொன்னிறமானால் பிட்சாவைத் தள்ளுங்கள். நம் வெக்கையில் மாவு கண்மூடித் திறப்பதற்குள் புளித்துவிடும். ஈஸ்டைக் குறைத்து, குளிர்பெட்டியில் ஒரு நாள் வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிட்சா ஆசை ஆறு வாரத்தில் அடங்கிவிடும், நான் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். பிட்சா முடிந்து தணல் வாரியபின் அடுப்பில் 250 டிகிரிபோல் சூடு நிற்கும். ரொட்டிக்கு அதுதான் வேண்டும். இத்தாலியர் அடுப்பை ‘ஃபோர்னோ’ என்கிறார்கள். ரொட்டி சுடும் அடுப்புக்கு யாழ்ப்பாணத்தில் ‘போறணை’ என்று பெயர். போர்த்துக்கீசியர் வாயிலிருந்து வந்த அதே சொல். நம் ஊரில் 1928-இல் தொடங்கி, டிரான்ஸ்ஃபர் ரோட்டில் பேர்வாங்கிய ரொட்டி பெங்காலிக்கும் வங்காளத்துக்கும் சம்பந்தமில்லை. கடையில் வேலைசெய்தவர்களுக்கும் பங்கு இருந்ததால் அது ‘பங்காளி’ ரொட்டி, மலாய் வாயில் பெங்காலி ஆனது என்றுதான் சொல்வார்கள். அந்த ரொட்டியைக் கறிக்குழம்பில் தோய்த்து வளர்ந்த வீட்டில் அடுப்பு பிட்சாவோடு அணைவது வீண். இரவு ரொட்டியை எடுத்தபின் ஒரு மண்சட்டியில் ஆட்டுக்காலை வைத்து வாயை மூடிவிடுங்கள், காலையில் எலும்பு தனியே கழன்றிருக்கும்.

மழைக்கு ஒரே வழி கூரைதான், தார்ப்பாய் பத்தாது. நான்கைந்து நாள் மழை அடித்தால் பிறகு மூட்டும்போது மறுபடி சிறு நெருப்பிலிருந்து தொடங்குங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மண்வேலையே வேண்டாம். அந்த நாட்களில் அஸ்திவாரமும் கூரையும் போட்டு, விறகை வாங்கி அதன்கீழ் அடுக்குங்கள். ஜனவரியில் களிமண்ணை மிதிக்கலாம்.