செஸ் மென்பொருளுக்கு 100 யூரோ கொடுக்கலாமா?

பிள்ளை செஸ் நன்றாக விளையாடுகிறான். ஆட்டங்களை ஆராய ஒரு மென்பொருள் வாங்கினால் நல்லது என்கிறார் பயிற்சியாளர். விலையைக் கேட்டால் ஒரு மாதக் கடை வாடகை போல இருக்கிறது. இந்த விலை நியாயமா?

சரக்கின் அடக்க விலை என்ன, அதன் மேல் வைத்த இலாபம் எவ்வளவு என்று பார்ப்பது வியாபாரிகளாகிய நமது வழக்கம். மென்பொருளுக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஒரு மூடை மிளகை விற்றால் அடுத்த மூடைக்கு மறுபடியும் காசு போட வேண்டும். மென்பொருளில் செலவெல்லாம் முதல் பிரதியோடு முடிந்துவிடும். ஆயிரமாவது பிரதிக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் செஸ்ஸை இவ்வளவு ஆழமாகப் படிப்போர் குறைவு. அந்த முதற் செலவு கொஞ்சப் பேரின் தலையில் விழுவதால் விலை ஏறுகிறது. இதுவரை அநியாயம் எதுவும் இல்லை.

இதில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. ஒன்று, விளையாடப்பட்ட ஆட்டங்களின் தொகுப்பு. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரிலுள்ள செஸ்பேஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இதை விற்கிறது. இன்று அதன் பெரிய தொகுப்பில் 1 கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் உள்ளன. அவற்றைச் சேர்த்து, பெயர் திருத்தி, வகை பிரித்து அடுக்குவது லேசான வேலை அல்ல. அந்த உழைப்புக்கு விலை கேட்பது நியாயம்தான்.

மற்றது, எது நல்ல நகர்வு என்று கணக்கிட்டுச் சொல்லும் எஞ்சின். இங்கேதான் கவனம் தேவை. 2008இல் வெளிவந்த ஸ்டொக்பிஷ் என்ற எஞ்சின் உலகின் மிகப் பலமானவற்றில் ஒன்று. அது முற்றிலும் இலவசம். 2021 பெப்ரவரியில் செஸ்பேஸ் நிறுவனம் ஃபெட் ஃப்ரிட்ஸ் 2 என்ற எஞ்சினைச் சுமார் 100 யூரோவுக்கு வெளியிட்டது. உள்ளே இருந்தது பெரும்பாலும் ஸ்டொக்பிஷ்தான் என்றும், அதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்றும் ஸ்டொக்பிஷ் குழுவினர் குற்றஞ்சாட்டினர். அதே ஆண்டு ஜூலையில் மியூனிக் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டனர். 2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. ஃபெட் ஃப்ரிட்ஸ் 2 விற்பனை நின்றது.

காசுக்கு விற்றதல்ல இங்கே தகராறு. ஸ்டொக்பிஷ்ஷின் உரிமம் விற்பதையும் அனுமதிக்கிறது. மூலத்தைச் சொல்லி, அதன் நிரல்களையும் உரிமத்தையும் கூடவே கொடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஊர்ப் பீலித் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்பவர் போத்தலுக்கும் கூலிக்கும் காசு கேட்கலாம். பீலித் தண்ணீர் என்பதை மறைத்தால்தான் பிழை.

நமக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஹம்பர்க்கில் விலை மாறாவிட்டாலும் கண்டியில் வாங்குபவருக்கு அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிட்டது. இதற்காகத் திருட்டுப் பிரதி தேட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது.

ஆரம்பத்தில் பிள்ளைக்கு ஸ்டொக்பிஷ்ஷே போதும். லீசெஸ் என்ற இலவசத் தளத்திலும் அதைக் கொண்டு ஆட்டங்களை ஆராயலாம்; பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களும் அங்கே கிடைக்கின்றன. போட்டிகளுக்குப் போகத் தொடங்கி, எதிராளியின் பழைய ஆட்டங்களைத் தேடும் நிலை வந்தபின் தொகுப்பை வாங்கலாம். அப்போதும் எஞ்சினுக்கு எவ்வளவு, தொகுப்புக்கு எவ்வளவு என்று விற்பவரிடம் பிரித்துக் கேளுங்கள்.