விண்டோஸ் 11-க்கு மாறுமுன் கவனிக்க வேண்டியவை

கணினியின் வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையே நின்று எல்லாச் செயல்களையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகள் தொடர்ந்து இயங்கினாலும், அவற்றில் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். வங்கிப் பரிமாற்றத்துக்குப் பயன்படும் கணினியை அந்நிலையில் விட்டுவைப்பது தகாது.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமே போதும் என்று அறிவிக்கப்பட்டிருப்பினும், 8 ஜிபி நினைவகமும், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி சேமிப்பகமும் இல்லாவிடில் கணினி மெதுவாகவே இயங்கும். இதைவிடக் கடுமையான நிபந்தனை, மறையாக்கச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பாகும். பல கணினிகளில் இது இருந்தும் பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருப்பதால், புதுக் கணினி வாங்கத் துணியுமுன் அங்கே பார்த்துவிடுவது அவசியம். கணினியின் மையச் செயலி விண்டோஸ் 11 ஏற்காத அளவுக்குப் பழையதாயின், நிபந்தனைகளைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகளை நாடாமல், லினக்ஸ் மின்ட் போன்ற கட்டணமற்ற இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தாலும், ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டில் நகலெடுத்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு மேம்படுத்திய பின் பழைய அச்சுப்பொறியோ தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ இயங்க மறுத்தால், 10 நாட்களுக்குள் அமைப்புகளின் மீட்புப் பகுதி வழியாக முந்தைய பதிப்புக்குத் திரும்ப இயலும்.