லாப எண்ணுக்குக் கீழே, பொடி எழுத்தில்

2019 நவம்பர் 14 அன்று வோடஃபோன் ஐடியா தன் செப்டம்பர் காலாண்டு முடிவை வெளியிட்டது. நஷ்டம் 50,922 கோடி ரூபாய். இந்திய நிறுவனம் எதுவும் அதுவரை ஒரே காலாண்டில் இவ்வளவு பெரிய நஷ்டத்தைக் காட்டியதில்லை. அதே நாளில் பார்தி ஏர்டெல்லும் 23,045 கோடி ரூபாய் நஷ்டத்தை அறிவித்தது. இத்தனைக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை இரண்டு நிறுவனங்களின் சேவையும் வழக்கம்போலத்தான் நடந்துகொண்டிருந்தது. நஷ்டத்தின் பெரும்பகுதிக்குக் காரணமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அக்டோபர் 24-ல். அதாவது, காலாண்டு முடிந்து மூன்று வாரங்களுக்குப் பிறகு.

அக்டோபரில் வந்த தீர்ப்பு செப்டம்பர் கணக்கில் எப்படி ஏறியது?

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமக் கட்டணத்தை எந்த வருவாயின் மேல் கணக்கிடுவது என்ற வழக்கு பல ஆண்டுகளாகவே நடந்துவந்தது. செப்டம்பர் 30 அன்றும் அந்தத் தகராறு உயிரோடுதான் இருந்தது. தீர்ப்பு புதிதாக ஒரு கடனை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பொறுப்பின் அளவை உறுதிசெய்தது. அப்படிப்பட்ட நிகழ்வு, கணக்கு நாளுக்குப் பின்னால் நடந்தாலும், முடிவுகளுக்கு இயக்குநர் குழு ஒப்புதல் தருவதற்கு முன்பு நடந்திருந்தால் கணக்கில் ஏற்றியாக வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏ.எஸ். 10. அதே அக்டோபர் 24-ல் ஒரு நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்து எரிந்திருந்தால் கதை வேறு. செப்டம்பர் 30-ல் கிடங்கு நன்றாகத்தானே இருந்தது? அந்த இழப்பைக் குறிப்பில் சொன்னால் போதும். செப்டம்பர் லாபத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

காலாண்டு முடிவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தச் செப்டம்பர் 2019 காலாண்டைத்தான். ஒரே மூன்று மாதத்தில் இத்தனை பாடங்கள் வேறெங்கும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

விகிதம் மாறினால் சொத்தும் கரையும்

அந்தக் காலாண்டில் ஆக்ஸிஸ் வங்கி 112 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. வங்கித் தொழில் படுத்துவிட்டதா என்றால் இல்லை. செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் நிறுவன வரியைக் குறைத்தது. சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்குக் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்த்து 34.94% என்றிருந்த உச்ச விகிதம் 25.17% ஆனது. வரி குறைந்தால் லாபம் கூடத்தானே வேண்டும்?

வங்கிகள் வாராக் கடனுக்கு ஒதுக்கீடு செய்யும்போது அதற்கான வரிச் சலுகை உடனே முழுதாகக் கிடைத்துவிடாது. பின்னால் கிடைக்கப்போகும் அந்தச் சலுகையை 'ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து' என்று கணக்கில் எழுதி வைத்திருப்பார்கள். பழைய விகிதத்தில் 100 ரூபாய் என்று எழுதியிருந்த அந்தச் சொத்து, புதிய விகிதத்தில் ஏறக்குறைய 72 ரூபாய்தான் பெறும். மீதியை உடனே செலவாக எழுத வேண்டும். ஆக்ஸிஸ் வங்கிக்கு அந்தச் செலவு 2,138 கோடி. அது இல்லையென்றால் லாபம் 2,026 கோடியாக இருந்திருக்கும். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் இதே காரணத்துக்காக 2,920 கோடி எழுதியது. அதன் லாபம் 655 கோடியில் நின்றது. ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பு வைத்திருந்த நிறுவனங்களுக்கு இதே மாற்றம் லாபத்தைக் கூட்டிக் கொடுத்தது.

ஆகவே, வரிச் செலவை வரிக்கு முந்தைய லாபத்தால் வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். விகிதம் வழக்கத்தைவிட்டு வெகுதூரம் விலகியிருந்தால் காரணம் பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும்.

கொள்கை வேறு, மதிப்பீடு வேறு

இண்டிகோ விமானங்களை நடத்தும் இன்டர்குளோப் ஏவியேஷனின் அந்தக் காலாண்டு நஷ்டம் 1,062 கோடி. அதற்குள் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இருந்தன.

முதலாவது, கொள்கை மாற்றம். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏ.எஸ். 116, குத்தகைக்கு எடுத்த விமானங்களையும் ஐந்தொகைக்குள் கொண்டுவந்தது. வருங்கால வாடகை கடனாக நின்றது. விமான வாடகை டாலரில் கொடுப்பது. எனவே ரூபாய் மதிப்பு சரியும்போதெல்லாம், கையிலிருந்து ஒரு பைசா போகாமலேயே கடன் வீங்கும். நஷ்டம் எழுத வேண்டிவரும். அந்த வகையில் மட்டும் 428 கோடி.

இரண்டாவது, மதிப்பீட்டு மாற்றம். குத்தகை விமானத்தைக் குறிப்பிட்ட நிலையில் பராமரித்துத் திருப்பித் தர வேண்டும். அதற்கு வருங்காலத்தில் எவ்வளவு செலவாகும் என்பதை மறுபடி கணக்கிட்டதில் 319 கோடி கூடியது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு நிறுவனம் தானாகக் கொள்கையை மாற்றினால் பொதுவாக முந்தைய காலத்து எண்களையும் திருத்திக் காட்ட வேண்டும். மதிப்பீட்டை மாற்றினால் பழையதைத் தொட வேண்டியதில்லை. இந்தக் காலாண்டிலிருந்து விளைவு தெரியும். புதிய தரநிலை வரும்போது அதுவே ஒரு சலுகை வழியைத் தருவதும் உண்டு. குத்தகை விதி வந்தபோது பல நிறுவனங்கள் முந்தைய ஆண்டு எண்களைத் திருத்தாத வழியைத் தேர்ந்தெடுத்தன. விளைவாக, கடைகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் துணி வியாபார நிறுவனங்களின் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம்) ஒரே தாவலில் ஏறியது. வாடகைச் செலவு சுருங்கி, தேய்மானத்துக்கும் வட்டிக்கும் போய்விட்டதுதான் காரணம். வியாபாரம் அப்படியே ஏறியதாக நினைத்தவர்கள் குறிப்பைப் படிக்காதவர்கள்.

மூன்று மாதத்துக்கான ஊகம்

ஆண்டுக் கணக்கைவிட இடைக்காலக் கணக்கில் ஊகத்துக்கு இடம் அதிகம். இண்ட் ஏ.எஸ். 34 இதை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டது. கொள்கை ஆண்டுக் கணக்கில் உள்ளதேதான் இருக்க வேண்டும், வருமான வரியை முழு ஆண்டுக்கான சராசரி விகிதத்தை மதிப்பிட்டுப் போட வேண்டும், பருவத்தில் வரும் வருமானத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவோ ஒத்திப்போடவோ கூடாது என்பவை அதன் முக்கிய விதிகள். ஏ.சி. விற்பவருக்கு ஜூன் காலாண்டு பெரிது. சர்க்கரை ஆலைக்கு அரவைப் பருவம் பெரிது. ஆகவே மார்ச்சோடு ஜூனை ஒப்பிட்டு மகிழவும் கூடாது, வருந்தவும் கூடாது. சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடலாம். இல்லாவிட்டால் கடைசி நான்கு காலாண்டுகளையும் கூட்டிப் பார்க்கலாம்.

ஊகம் எங்கே தடம் புரளும் என்பதற்கு பிரிட்டனின் டெஸ்கோ ஓர் உதாரணம். சரக்கு தருபவர்கள் விற்பனை அளவைப் பொறுத்துத் திருப்பித் தரும் தள்ளுபடிப் பணத்தை முன்கூட்டியே வருமானமாக எழுதியதும், செலவுகளைத் தாமதித்து எழுதியதும் சேர்ந்து அரையாண்டு லாப எதிர்பார்ப்பு 25 கோடி பவுண்டு ஊதிப்போனதாக 2014 செப்டம்பர் 22 அன்று அந்த நிறுவனம் அறிவித்தது. அன்றே பங்கு விலை 11 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதம் அந்தத் தொகை 26.3 கோடி பவுண்டானது. அதில் ஒரு பகுதி முந்தைய ஆண்டுகளைச் சேர்ந்தது.

கையில் வைத்திருக்க வேண்டியவை

காலாண்டு முடிவின் குறிப்புகளில் கொள்கைகள் விரிவாக இருக்காது. சென்ற ஆண்டறிக்கையில் உள்ள கொள்கைகளே தொடர்கின்றன என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அதனால் ஆண்டறிக்கையின் 'முக்கியக் கணக்கியல் கொள்கைகள்' பகுதியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வேன். வருமானம் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது, தேய்மானம் எத்தனை ஆண்டுக்கு, கையிருப்புச் சரக்கு எந்த முறையில் மதிப்பிடப்படுகிறது ஆகிய மூன்றுக்கும் விடை தெரிந்தால் முடிவுகள் பாதி புரிந்துவிடும்.

மார்ச் காலாண்டு எண்களைச் சற்று எச்சரிக்கையோடு பார்ப்பது வழக்கம். தணிக்கை செய்யப்பட்ட முழு ஆண்டுத் தொகையிலிருந்து ஒன்பது மாதத் தொகையைக் கழித்தால் வருவதே அந்தக் காலாண்டு என்று குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். ஆண்டு முழுவதற்குமான திருத்தங்கள் அந்த மூன்று மாதத்தின் தலையில் விழக்கூடும்.

மற்றக் காலாண்டுகளில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு முழுத் தணிக்கை கட்டாயமில்லை. 'லிமிடெட் ரிவ்யூ' போதும். தணிக்கையாளர் விசாரிப்பார், எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பார், தவறென்று நினைக்கும்படி எதுவும் கவனத்துக்கு வரவில்லை என்பார். 'கணக்கு சரி' என்று அவர் சொல்வதில்லை. அந்த அறிக்கையில் வழக்கமான வாசகங்களைத் தாண்டி ஒரு பத்தி இருந்தால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்ற ஐயம் வெளிப்படுவது அங்கேதான்.

இன்னொன்று: ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் ஐந்தொகையும் பணப்புழக்க அறிக்கையும் தர வேண்டிய கட்டாயம் இல்லை. லாபம் ஏறியிருக்கும், வாடிக்கையாளர்களிடம் வராமல் நிற்கும் பாக்கி எவ்வளவு என்பது தெரியாது. ஜூன் காலாண்டானால் அதற்குச் செப்டம்பர் முடிவு வரை, டிசம்பரானால் மார்ச் முடிவு வரை காத்திருக்க வேண்டும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, மார்ச் நீங்கலாக மற்றக் காலாண்டுகள் முடிந்த 45 நாட்களுக்குள் முடிவுகள் வர வேண்டும் என்பதால், அரையாண்டு ஐந்தொகை நவம்பர் 14-க்குள் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இருக்கும். அதைத் திறந்ததும், வர வேண்டிய பாக்கி மார்ச்சிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது, விற்பனை அதே வேகத்தில் ஏறியிருக்கிறதா என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு லாப எண்ணுக்குப் போகலாம்.